பதினாறு போர்: நடந்து வேட்டையாடுபவரின் துப்பாக்கி

தரையில் மேயும் பறவைகளைத் தேடி நாள் முழுவதும் நடப்பவருக்குப் பதினாறு போர் (bore, குழல் விட்டத்தைக் குறிக்கும் எண்) துப்பாக்கிதான் சரியான அளவு என்று வாதிடுவோர் இன்னும் ஓயவில்லை. பெரிய தொழிற்சாலைகள் அதை ஏறக்குறையக் கைகழுவிவிட்டன. அதற்கான தோட்டாவைத் தேடித்தான் வாங்க வேண்டும். 12 போர் எந்த வேலைக்கும் ஈடுகொடுக்கிறது, 20 போர் கைக்கு இலேசாக இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பதினாறின் மேல் உள்ள பற்று ஏன் தேயவில்லை என்பதை யோசித்துப் பார்த்தால், அதில் பழம்பெருமை கொஞ்சமும், கணக்கில் நிற்கும் நியாயம் நிறையவும் இருப்பது தெரிகிறது.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பது நியாயமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வேட்டையைத் தடை செய்கிறது. அதன் கீழ் முன்பு வழங்கப்பட்டுவந்த வேட்டை உரிமங்களும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு இல்லாமல் போயின. கௌதாரியையும் காடையையும் உள்ளானையும் இன்று சுடுவது குற்றம். அந்தத் தடை சரியானது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஊசுட்டேரிக்கோ பாகூர் ஏரிக்கோ ஒரு காலைப்பொழுது போய்ப் பார்ப்பவர் எவரும் அதைத்தான் சொல்வார். (கடைகளில் தொங்கும் காடை பண்ணையில் வளர்ந்தது, அதற்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை.) ஆனால் இந்த ஊர் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. எங்கள் வீட்டைப் போலப் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் வீடுகள் இங்கே பல உண்டு. அப்படி ஒரு வீட்டுக்குள் வரும் துப்பாக்கி, ஆங்கிலேயர் பழக்கிவிட்ட 12 போராக இல்லாமல், பிரான்சின் கிராமத்து வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்பிய 16 போராக இருப்பதில் வியப்பு இல்லை. தாத்தாவுடையது அப்படி வந்ததுதான். அவர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கௌதாரி தேடி நடந்த காலத்தை என் அம்மாவும் மாமாக்களும் சிறுவயதில் பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கி இப்போது சின்ன மாமாவின் பெயரில் வாரிசு உரிமத்தில் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுவதும், தேர்தல் முடிந்ததும் திரும்பி வந்து உப்புக்காற்றுக்கு எதிராக எண்ணெய் பூசிக்கொள்வதும்தான் அதற்கு இன்று மிஞ்சியிருக்கும் வேலை.

போர் எண்ணின் கணக்கு தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவுள்ள எத்தனை குண்டுகளாக உருட்டினால் அவை குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே துப்பாக்கியின் போர். எண் கூடக்கூடக் குழல் ஒடுங்கும். 12 போரின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 16 போருக்கு 16.8, 20 போருக்கு 15.6. ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் என்பதால், பதினாறு போரின் குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டு மிகச் சரியாக ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராமுக்குச் சற்று மேல். சிறு பறவைகளுக்கு ஓர் அவுன்ஸ் ரவையே (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈய மணிகள்) போதுமான, மிச்சம் வைக்காத அளவு என்று தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க அளவில் எட்டாம் எண் ரவை என்றால் ஓர் அவுன்ஸில் நானூற்றுச் சொச்சம் மணிகள் இருக்கும். கொஞ்சம் பருத்த ஆறாம் எண் என்றால் இருநூற்று இருபத்தைந்து அளவில் இருக்கும். முதலாவது காடைக்குப் போதும். இரண்டாவது ஃபெசன்ட் போன்ற கனத்த பறவைக்கு வேண்டியது.

இதே ஓர் அவுன்ஸை 20 போரின் ஒடுங்கிய குழலுக்குள் அடைத்தால் ரவை நெட்டுக்குத்தாக உயர்ந்து நிற்கும். வெடிக்கும்போது அடியில் இருக்கும் மணிகள் மேலிருப்பவற்றின் பாரத்தில் நசுங்கும். ஓரத்தில் இருப்பவை குழல் சுவரில் உராய்ந்து சப்பையாகும். வடிவம் கெட்ட மணி நேராகப் போகாது. 16 போரில் அதே அளவு ரவை, ஏறக்குறைய அகலத்துக்கு ஏற்ற உயரத்தில், சதுரமாக அமர்கிறது. அதனால்தான் இது பரவலில் ஒழுங்கானது என்பது பதினாறின் அன்பர்கள் அடிக்கடி எடுத்து நீட்டும் வாதம். இதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். காகிதத் தோட்டாவும் கம்பளி அடைப்பும் இருந்த காலத்தில் அது பெரிய வேறுபாடாக இருந்திருக்கும். ரவையைச் சுற்றி அணைத்துக்கொண்டு போகும் பிளாஸ்டிக் கிண்ணமும், கடினமாக்கிய ஈயமும் வந்த பிறகு அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. இருபத்தைந்து மீட்டரில் எழும் பறவைக்கு அது தெரியவே தெரியாது.

எடை விஷயம் அப்படி அல்ல. அங்கேதான் பதினாறின் உண்மையான பலம் இருக்கிறது. பர்மிங்காமைச் சேர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனரின் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு: துப்பாக்கியின் எடை, அது எறியும் ரவையின் எடையைப் போல் 96 மடங்கு இருந்தால் தோள் தாங்கும். ஓர் அவுன்ஸை 96ஆல் பெருக்கினால் மிகச் சரியாக ஆறு பவுண்டு, அதாவது 2.7 கிலோ. இரட்டைக்குழல் 12 போர் பெரும்பாலும் ஆறரை முதல் ஏழரை பவுண்டு இருக்கும். காகிதத்தில் பார்த்தால் அரைக்கிலோ ஒரு பொருட்டல்ல என்று தோன்றும். உழவு நிலத்திலும் முட்புதரிலும், துப்பாக்கியை முதுகில் மாட்டாமல் இரண்டு கைகளிலும் குறுக்கே பிடித்தபடி, காலையிலிருந்து மாலை வரை நடக்கிறவருக்குத்தான் அந்த அரைக்கிலோவின் அருமை தெரியும். தரைப்பறவை வேட்டையில் நாள் முழுக்க நடந்தாலும் விசையை இழுக்கும் வாய்ப்பு சில நொடிகளுக்கே வாய்க்கும். மற்ற நேரமெல்லாம் துப்பாக்கி வெறும் சுமை. கை ஓய்ந்துபோயிருக்கும் மாலையில் பறவை காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பும்போது, இலேசான துப்பாக்கி தானாகத் தோளுக்கு வந்து சேரும். அதே சமயம் ஐந்து பவுண்டுக்குக் குறைந்த துப்பாக்கியைப் போல அது கையில் துள்ளவும் செய்யாது; பறவையின் போக்கில் குழல் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால் கொஞ்சம் கனமும் வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்தது பிரித்தானியில். இங்கிலாந்தில் இல்லை, பிரான்சின் மேற்கு மூலையில். பெரிய மாமா அங்கே குடியேறி வேட்டை உரிமத் தேர்வும் எழுதித் தேறியவர். ஒரு குளிர்காலத்தில் அவருடன் காட்டுக்குப் போனேன். எனக்கு உரிமம் இல்லாததால் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். அவர் தேடியது பெக்காஸ் என்னும் பறவை. நம் ஏரிக்கரை உள்ளானின் உறவு. ஆனால் ஈர நிலத்தை விட்டுக் காட்டின் சருகுக்குள் பதுங்கி வாழ்வது. உதிர்ந்த இலையின் நிறமே அதன் நிறம் என்பதால், பத்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. பிரித்தானி ஸ்பானியல் நாயின் கழுத்தில் ஒரு சிறு மணியைக் கட்டியிருந்தார். நாய் மரங்களுக்கிடையே மறைந்துவிடும். மணியோசை மட்டும் எங்கோ அலையும். ஓசை நின்றால் நாய் பறவையை மோப்பம் பிடித்து உறைந்து நிற்கிறது என்று பொருள். மாமா ஓசை கடைசியாகக் கேட்ட திசையை நோக்கி, சருகு நொறுங்காதபடி பாதத்தை வைத்துப் போவார். துப்பாக்கியின் முதல் குழல் சோக் (வாய்ப்பக்கத்து ஒடுக்கம்) இல்லாதது, இரண்டாவது சற்று ஒடுக்கமானது. பக்கத்தில் எழும் பறவைக்கு முதலாவது, தப்பித்து விலகும் பறவைக்கு இரண்டாவது.

“கைக்கு வந்து சேரணும் மாப்பிள்ளை, கையை இழுக்கக் கூடாது” என்றார், ஓய்வுக்கு உட்கார்ந்தபோது. குழலைக் கீலில் முறித்துத் திறந்து மடியில் சாய்த்திருந்தார்; பித்தளை அடியுள்ள தோட்டாக்கள் இரண்டும் அவர் உள்ளங்கையில் கிடந்தன. அந்தப் பருவத்திற்கு ஒருவருக்கு முப்பது பெக்காஸ் என்ற உச்சவரம்பு அங்கே உண்டு. சுட்டதைக் குறிப்பேட்டில் அப்போதைக்கப்போதே பதிய வேண்டும். அப்படிக் கட்டுப்பாடு உள்ள வேட்டையில் மூன்று அங்குலத் தோட்டாவும் கூடுதல் ரவையும் எதற்கு என்பது மாமாவின் கேள்வி. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

பிரான்சில் பதினாறு வேரூன்றியதற்குச் செயின்ட்-எத்தியென் நகரமும் ஒரு காரணம். 1885இல் எத்தியென் மிமார், பியேர் பிளாஷோன் ஆகியோர் தொடங்கிய மனுஃபிரான்ஸ் நிறுவனம், சைக்கிள், தையல் இயந்திரம் ஆகியவற்றோடு துப்பாக்கியையும் விலைப்பட்டியல் புத்தகம் வழியாக அஞ்சலில் விற்றது. அதன் ‘ரோபுஸ்த்’ ரகம் பகட்டில்லாத, விவசாயி வாங்கக்கூடிய இரட்டைக்குழல். ‘இதெயால்’ ரகம் அதைவிட நுட்பமானது. அதே நகரத்தின் தார்ன் துப்பாக்கிகள் இன்னும் விசித்திரமானவை: குழல் முறியாது, அசையாது, மேலே உள்ள நெம்புகோலைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் அடைப்புப் பாகம் சறுக்கித் திறக்கும். மெல்லிய உடம்புள்ள அந்த அமைப்பில் பதினாறு போர் இழைத்து வைத்தாற்போல் உட்காரும். மனுஃபிரான்ஸ் 1980களில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் துப்பாக்கிகள் வீடுகளில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஜெர்மானியரிடமும் பதினாறுக்கு நீண்ட மரபு உண்டு. இரண்டு ரவைக் குழலும் ஒரு ரைஃபிள் குழலும் சேர்ந்த அவர்களுடைய மூன்று குழல் துப்பாக்கிகளில் பல இந்த அளவில் வந்தவை.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அங்கே 12க்கு அடுத்த இடத்தில் இருந்த அளவு இதுதான். பார்க்கர், ஃபாக்ஸ், எல். சி. ஸ்மித் ஆகிய இரட்டைக்குழல் தயாரிப்பாளர்கள் இதைச் செய்தார்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்து பெல்ஜியத்தில் தயாரான ஆட்டோ-5, 1937இல் எடை குறைத்த ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ வடிவில் வந்து, பெயரே அந்த அளவுக்கு அடைமொழியாகும் அளவுக்குப் புகழ் பெற்றது. பிறகு வந்த சரிவுக்குப் பறவைகள் காரணமல்ல. 1920களில் உருவான ஸ்கீட் என்னும் களிமண் தட்டுச் சுடும் போட்டியில் 12, 20, 28, .410 ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவு கிடைத்தது, 16க்குக் கிடைக்கவில்லை. போட்டிக்காரர் வாங்காத அளவுக்குத் தோட்டா ஆலை முன்னுரிமை தராது. 1950களில் மூன்று அங்குல 20 போர் தோட்டா வந்து, ‘இருபதே எல்லாவற்றுக்கும் போதும்’ என்ற பேச்சைக் கிளப்பியது. 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை வந்தபோது, எஃகு ரவைத் தோட்டாக்கள் பெரும்பாலும் 12க்கும் 20க்குமே செய்யப்பட்டன.

இவற்றைவிட மோசமான தீங்கைத் தயாரிப்பாளர்களே செய்தார்கள் என்பேன். செலவை மிச்சப்படுத்த, 12 போருக்கான உடம்பிலேயே 16 போர் குழலைப் பொருத்தி விற்றார்கள். கனம் பன்னிரண்டுடையது, ரவை பதினாறுடையது. இரண்டு உலகத்திலும் நட்டம். அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தவர் பதினாறையே வெறுத்ததில் குற்றமில்லை. தனக்கென அளவெடுத்த உடம்பில் அமைந்த பதினாறே பேசத்தக்கது. பிரவுனிங் நிறுவனம் 2016இல் ஸ்வீட் சிக்ஸ்டீனைப் புதிய ஏ5 வடிவில் மீண்டும் கொண்டுவந்தபோது இதை உணர்ந்திருந்தது: சிறிய உடம்பு, ஆறு பவுண்டுக்கும் குறைவான எடை.

பழைய ஐரோப்பியப் பதினாறு கையில் இருப்பவர் கவனிக்க வேண்டியது தோட்டா அறையின் நீளம். முன்பு அது 65 மில்லிமீட்டர். பிற்காலத் தோட்டாக்களுக்கு 70. 70 தோட்டா, 65 அறைக்குள் வம்பில்லாமல் நுழைந்துவிடும், ஏனெனில் மடித்த வாய் வெடித்த பின்தான் விரிகிறது. விரிவதற்கு இடம் இல்லாமல் குழலின் கழுத்தில் அது நெருக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். குழலை முறித்து அடிப்பக்கத்தில் உள்ள சோதனைச்சாலை முத்திரையைப் படிக்காமல் தோட்டா வாங்கவே கூடாது. முத்திரை தேய்ந்திருந்தால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். தாத்தாவுடையது 65தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈர நிலங்களிலும் அவற்றைச் சுற்றியும் ஈய ரவை தடை செய்யப்பட்டுள்ளது. எஃகு ரவை பழைய மெல்லிய குழல்களுக்கு ஆகாது என்பதால், மாமா சதுப்புப் பக்கம் போகும் நாள்களுக்குப் பிஸ்மத் தோட்டாவை வாங்கிவைத்திருக்கிறார். ஈயத்தைவிடச் சற்று இலேசான உலோகம், விலையோ பல மடங்கு. சுடுவது குறைவு என்பதால் ஒரு பெட்டி ஒரு பருவத்துக்கு மேலும் வருகிறது என்கிறார்.