யாருக்கு?

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர், "யாருக்கு?" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். ரெண்டு என்று நான் சொன்னது குரோவேஷியன், செர்பியன் என்ற இரண்டு மொழிகளை. பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் என் கேள்வியின் தொனி, கடையில் இரண்டு சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு "ரெண்டும் ஒரே கம்பெனிதானே" என்று கேட்கிறோமே, அந்தத் தொனி. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குரோவேஷியன் என்று தலைப்பிட்ட மெயில் எது வந்தாலும் அந்த "யாருக்கு" முதலில் வந்து நிற்கிறது.

வெள்ளிக்கிழமை டெலிவரி. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கான கையேடு, 11 மொழிகள். குரோவேஷியன் முடிந்து வந்துவிட்டது. செர்பியன் செய்கிறவர் புதன்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அதனால்தான் குரோவேஷியத் தலைநகர் ஜாக்ரெபில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் செய்து கொடுத்த ஃபைலையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் போதும், தனியாகப் பணமும் உண்டு. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். பாதி நாள் நினைக்கிறேன்.

"யாருக்கு" என்றவர், நான் பதில் சொல்லாததைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்: "எனக்கு அது முழுக்கப் புரியும். ஆனால் நான் எழுதினால் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது." மரியாதையாகத்தான் சொன்னார். என் காதில் இரண்டாவது வாக்கியம் விழவே இல்லை. முதல் வார்த்தையிலேயே சண்டை, நாடு, கொடி எல்லாம் கேட்டுவிட்டது. சரி, இது அரசியல், நமக்கு வேலை ஆகணும் என்று போனை வைத்தேன்.

பிறகு நானே உட்கார்ந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று. பாலுக்குக் குரோவேஷியனில் ம்லியெகோ, செர்பியனில் ம்லெகோ. ஆற்றுக்கு அங்கே ரியெகா, இங்கே ரெகா. அதாவது ஐ-ஜே-ஈ என்று மூன்று எழுத்து சேர்ந்து வரும் இடத்தில் ஈ மட்டும் போட்டால் தீர்ந்தது. கூடவே பழைய ஃபைல்களிலிருந்து ஒரு சின்னப் பட்டியலும் எடுத்தேன். அழுத்தத்துக்கு த்லாக் என்பது பிரிதிசாக் ஆக வேண்டும், ஆயிரத்துக்கு திசுச்சா என்பது ஹில்யாதா ஆக வேண்டும், இப்படி. ஃபைண்ட்-ரீப்ளேஸ் கொடுத்தேன். இருபது நிமிஷம். செர்பியாவில் நோவி சாதில் இருக்கும் சரிபார்ப்பாளருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் ஃபைல் முழுக்கச் சிவப்பு. குரோவேஷியாவில் ரியெகா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. சர்வீஸ் சென்டர் முகவரிகளில் அது ரெகா ஆகியிருந்தது. அதைக்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். "இந்தக் கருவி குழந்தைகளுக்கானது அல்ல" என்ற வாக்கியத்தில் 'அல்ல' என்பதற்கான சொல் நியெ. இரண்டு மொழியிலும் அதே சொல், மாற்றவே கூடாதது. என் விதி அதை நெ என்று வெட்டிவிட்டது. அது வெறும் 'இல்லை', வாக்கியம் நடுவில் முறிந்து நின்றது. "மருந்து குடிப்பவராக இருந்தால்" என்ற இடத்தில் பியெதெ என்ற வினை பெதெ ஆகி, குதிகால்கள் என்று பொருள் தந்தது. கருவியின் பெயர் த்லாகொம்யெர். பட்டியல் அதற்குள்ளும் புகுந்து பிரிதிசாகொம்யெர் என்று எந்த ஊரிலும் இல்லாத ஒரு பொருளைச் செய்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அது.

என்னை உண்மையில் பயமுறுத்தியது சாதாரணமான ஒரு வரி: "உங்கள் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்." குரோவேஷியனில் மருத்துவர் லியெச்னிக், மருந்தாளுநர் ல்யெகார்னிக். செர்பியனில் மருத்துவருக்கு லெகார். என் விதி முதலாவதை இல்லாத சொல்லாக்கிவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் விட்டிருந்தது. பெல்கிரேடில் ஒருவர் அதை வாசித்தால், மருந்துக்கடைக்காரரைக் குறிக்கும் சொல் அவர் காதில் 'டாக்டர்' என்றுதான் விழும். அதே மாதிரி இன்னொன்று, நல்லவேளையாக எங்கள் கையேட்டில் வரவில்லை: ஒதோக் என்றால் குரோவேஷியனில் தீவு, செர்பியனில் வீக்கம்.

எதுவும் அச்சுக்குப் போகவில்லை. நோவி சாத் சரிபார்ப்பாளர் ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்திவிட்டார், டெலிவரியும் நேரத்துக்குப் போனது. பிறகு ஏன் இதை எழுதுகிறேன்? திருத்திய பிறகு போனில் அவர் சொன்னதால். "குரோவேஷியன் ஃபைலை அப்படியே அனுப்பியிருந்தால் எனக்குப் பாதி வேலைதான். அது நன்றாகப் புரிந்திருக்கும். நீங்கள் செய்ததுதான் புரியவில்லை." சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய பாட்டி ஹெர்ஸகோவினாவிலிருந்து வந்த செர்பியராம். வீட்டில் பாலுக்கு ம்லியெகோ என்றுதான் சொல்வாராம். அந்த மூன்று எழுத்து செர்பியனிலும் உண்டு, அந்த உச்சரிப்பிலும் செர்பியன் எழுதலாம். ஆக, என் ஒரே விதியும் விதி இல்லை.

அன்று இரவு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். நேர்மையாகச் சொன்னால், என் பக்கம் சாட்சி தேடினேன். கிடைத்தது. 1850-ல் வியன்னாவில் கூடிய எழுத்தாளர்கள் ஒரே இலக்கிய மொழி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 1954-ல் ஒரே மொழி, இரண்டு உச்சரிப்பு, இரண்டு லிபி, எல்லாம் சமம் என்று உடன்பாடு. அது நடந்ததே நோவி சாதில்தான். 2017-ல் சரயேவோவில் பொதுமொழிப் பிரகடனம். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அதே பக்கங்களில் 1967-ம் இருந்தது, எங்கள் மொழிக்குக் குரோவேஷியன் என்ற பெயரும் தனி நிலையும் வேண்டும் என்று ஜாக்ரெபிலிருந்து வந்த பிரகடனம். 2013-ல் குரோவேஷியாவின் வுகோவார் நகரில் அரசுக் கட்டடங்களில், செர்பியர்கள் பயன்படுத்தும் சிரிலிக் லிபியில் எழுதிய பலகைகளை உடைத்தார்கள். அந்த ஊர் குரோவேஷியர்களுக்கும் செர்பியர்களுக்கும் நடந்த 1991 போரில் தரைமட்டமானது. அங்கே சிரிலிக் எழுத்து சிலருக்கு வெறும் எழுத்து இல்லை. இதெல்லாம் தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேனா? கேட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, வெள்ளிக்கிழமை டெலிவரி இருந்ததே. வார்த்தையை மட்டும் மெதுவாகப் போட்டிருப்பேன்.

இப்போது எனக்கு உறுதியாகத் தெரியாதது, அந்த "யாருக்கு" என்னதான் கேட்டது என்பது. நாட்டைப் பற்றியா? இல்லை, தொழில் தெரிந்த எவரும் முதலில் கேட்கிற கேள்வியா? யார் வாசிக்கப் போகிறார், எந்தக் கடையில் இந்தப் பெட்டியை வாங்குகிறார், எழுபது வயதுக்காரரா, அவர் மருந்துக்கடையை ல்யெகார்னா என்பாரா அப்போதெகா என்பாரா. அப்படிக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் பதிலும் இருந்தது: பெல்கிரேடில் விற்பனை, லத்தீன் எழுத்தில். சொல்லியிருந்தால் அவரே வேறு ஒருவரைக் காட்டியிருக்கலாம்.

ஜாக்ரெப்காரருக்கு மன்னிப்பு மெயில் மூன்று முறை எழுதினேன். ஒன்றில் 1850 கூட இருந்தது, நல்லவேளை அனுப்பவில்லை. கடைசியில் "வேலை முடிந்தது, நன்றி" என்று இரண்டு வரி போட்டேன். "மகிழ்ச்சி" என்று பதில் வந்தது. அதற்கப்புறமும் அவர் எங்களுக்கு வேலை செய்கிறார்.

மாதக் கடைசியில் இரண்டு பேருடைய பில்லும் ஒரே நாளில் வந்தன. ஜாக்ரெப் பில்லில் லிஸ்தோபாத் என்று இருந்தது, இலை உதிர்வது என்று பொருள். நோவி சாத் பில்லில் ஒக்தோபர். கணக்குப் பார்க்கிற தம்பி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த மாசம் சார்?" என்று கேட்டான்.

"அக்டோபர்தான்ப்பா," என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்."