விளையாடும்மா

"சார், ஒரே மாதிரியே வருதுல்லா?"

கறுப்புக் காய் ஆடிய பிள்ளை கேட்டது இவ்வளவுதான். நான் "விளையாடும்மா" என்றேன்.

பாளையங்கோட்டை, 13 வயதுக்குட்பட்ட பெண்கள் செஸ் போட்டி, கடைசிச் சுற்று. நான் ஆர்பிட்டர், அதாவது நடுவர். வெள்ளைக்கு ஒரு ரூக் (யானை) கூடுதல். ஆனால் கிளாக்கில் ஒரு நிமிஷம்கூட இல்லை. கறுப்பு ராணி விடாமல் செக் வைக்க, வெள்ளை ஆடியவள் ராஜாவை ஜி1, எச்2 கட்டங்களில் மாற்றி மாற்றிச் சட்டென்று வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் ஆட்டம். அவள் நேரம் சேர்க்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கெட்டிக்காரி.

அதே நிலை மூன்றாம் முறை வந்து நின்றபோதுதான் மற்றவள் நிமிர்ந்து அப்படிக் கேட்டாள். ஒரே நிலை மூன்று முறை வந்தால், ஆட வேண்டியவர் டிரா (சமன்) கேட்கலாம், அதுதான் கிளெய்ம். ஆட வேண்டிய முறையும் அவளுடையது. காயைத் தொடாமல் கிளாக்கை நிறுத்தி "டிரா கிளெய்ம்" என்றிருந்தால் ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்த்து அரைப் புள்ளி கொடுத்திருப்பேன். தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்கு உரிமை போச்சு. ஐந்தாம் முறை வந்தால் ஆர்பிட்டரே நிறுத்தலாம், 2014இலிருந்து அப்படி. மூன்றாம் முறைக்கு வாய் திறக்க வேண்டியது ஆடுகிறவர்தான்.

அவள் திறந்தாளா இல்லையா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சொன்னது ஒரு பிள்ளையின் காதில் உத்தரவாகத்தானே விழும்? உடனே ராணியை எடுத்தாள். இந்த முறை வெள்ளை ராஜா ஜி3 வழியாக மேலே ஏறிவிட்டது. அதன்பின் செக் இல்லை.

"சட்டம் தெரியாத பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா அண்ணாச்சி?" என்றார் அவள் அப்பா. "எதிர்ல இருந்ததும் பிள்ளைதானேய்யா" என்றேன். அவர் பேசவில்லை. பதில் சரிதான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். தப்பாகக் கிளெய்ம் செய்தால் எதிராளிக்கு 2 நிமிஷம் கூடும். நேரத்துக்குத் தவித்த வெள்ளைக்கு அது வரம். பாதி வார்த்தையை நானே கிளெய்ம் என்று எடுத்துக்கொண்டு, ஷீட்டில் ஒரு முறை குறைந்திருந்தால்?

குறையவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு ஷீட்டையும் எடுத்துப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு அம்பாசமுத்திரத்தில் ஒரு பையன் ஏறக்குறைய இதே தினுசில் கேட்டான். "கிளெய்மா?" என்று என் வாயில் வந்துவிட்டது. எதிரே இருந்தவன் என்னை முறைத்தான். அவன் முறைத்ததும் நியாயம்தான்.