தண்ணீரைக் கொட்டினால் போதாது, தொட்டியைத் தேய்க்க வேண்டும்

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் நகரங்களில் முக்கியமாகப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டை கொசு. அது பெரும்பாலும் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் நாம் பிடித்து வைக்கிற, மறந்து விடுகிற தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டிரம்மைக் கவிழ்த்துவிட்டால் தண்ணீரும் புழுவும் போகும், முட்டை போகாது. காய்ந்த சுவரிலேயே பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். பொரித்த புழு கொசுவாகிப் பறக்க, வெயில் காலத்தில் 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேய்க்கச் சொல்கிறோம். பத்து நாளுக்கு ஒருமுறை என்று தள்ளினால் ஒரு தலைமுறை தப்பிவிடும்.

முரட்டு பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் போதும். விளிம்பில் தொடங்கி, தண்ணீர் வழக்கமாக நிற்கும் கோட்டுக்குக் கீழே வரை அழுத்தித் தேய்த்து, இரண்டு முறை அலசி, அந்த நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏர் கூலரின் அடித்தொட்டி, பூந்தொட்டித் தட்டு, யாரும் புழங்காத கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். பழைய டயரை மழை படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு மூடி மட்டும் போதாது. காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலையை இறுகக் கட்ட வேண்டும்.

வாரம்தோறும் காலி செய்ய முடியாத தொட்டிக்கு, புழுவைக் கொல்லும் 1 சதவீத டெமிஃபாஸ் மணல் குருணை இருக்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு, 500 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம். இருக்கிற நீருக்கு அல்ல, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கு அளந்து போடுங்கள். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தும் உண்டு; அதைப் புழு தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது; கால்புள்ளி போல வளைந்து துள்ளுவது தெரிந்தால் மருந்தை நம்பாமல் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

புகை மருந்து அந்த நேரத்தில் அதில் படுகிற கொசுவை மட்டுமே கொல்லும். கட்டிலடியில், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை பெரும்பாலும் பிழைத்துவிடும். தண்ணீரில் வளர்பவை மறுநாளே பறக்கும்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். விடிந்த பின் சில மணி நேரமும் மாலை இருட்டும் முன்பும் மும்முரமாக இருக்கும். வெளியே போகும்போது முழுக்கை உடையோடு, 20 முதல் 30 சதவீத டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள பூச்சு உதவும். சன்ஸ்கிரீன் பூசுவதானால் அது முதலில், டீட் அதன் மேல். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பூச வேண்டாம், தொட்டிலைக் கொசுவலையால் மூடுங்கள்.

வீட்டில் யாருக்காவது டெங்கு வந்தால், காய்ச்சல் நாள்களில் பகலிலும் அவரை வலைக்குள்ளேயே படுக்க வையுங்கள். அப்போது அவரைக் கடிக்கும் கொசு, ஒன்றிரண்டு வாரத்தில் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் அந்த வைரஸைக் கொண்டுபோகும்.