ஜோர்ஜ் அணியும் ரவீந்திரன் அணியும்

எங்கள் கல்லூரிக் கணித மாஸ்டர் காலமான செய்தி மார்கழியில் வந்தது. அவருடைய கேத்திர கணிதத்தைப் பற்றியும், கரும்பலகையில் கையாலேயே வட்டம் கீறுவதைப் பற்றியும் இந்த மலரில் வேறு பலர் எழுதுவார்கள். மழை நாட்களில் மண்டபத்தின் பின்வாங்கில் அவரோடு குந்தியிருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நான் எழுதுகிறேன்.

அவர் ஒரு பெயரைச் சொல்லுவார். அந்த முதற்பெயர் உள்ளவர்களை மட்டும் வைத்து ஒரு கிரிக்கெட் அணி அமைக்க வேண்டும். எந்த நாடும், எந்தக் காலமும் ஆகலாம். ஆனால் பதினொரு பேரும் அவரவர் இடத்தில் நிற்கக் கூடியவர்களாக இருக்கவேண்டும். ஜோர்ஜ் என்றால் ஹெட்லியை எல்லோரும் சொல்லிவிடுவோம்: 22 டெஸ்ட், சராசரி 60.83. அடுத்து ஹேர்ஸ்ட். 1906 இல் ஒரே பருவத்தில் 2,000 ஓட்டங்களுக்கு மேலும் 200 விக்கெட்டுகளுக்கு மேலும் எடுத்தவர். இன்றுவரை வேறு எவரும் செய்யாதது. 10.75 சராசரியில் 112 டெஸ்ட் விக்கெட் எடுத்த லோமனையும் ஆரோ ஒருவன் சொல்லிவிடுவான். பிறகு மண்டபம் அடங்கிவிடும். விக்கெட் காப்பாளர் யார்?

“பெரிய ஆக்களை ஆரும் சொல்லுவினம், தம்பி. விக்கெட்டுக்குப் பின்னாலை நிக்கிறவரைத் தேடும்.”

லங்காஷயர் டக்வேர்த்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில்தான் கண்டுபிடித்தோம். 1981 இல் அந்த நூலகம் எரிந்தபோது போன தொண்ணூற்றேழாயிரம் நூல்களைப் பற்றி உலகம் அறியும். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய், ஒரு விக்கெட் காப்பாளரின் பெயருக்காக மாலை முழுவதும் பக்கம் புரட்டிய பொடியன்களுக்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

விதி பற்றிச் சண்டை வரும். ஒருவரை ஊர் ஒரு பெயரால் அழைக்க, பத்திரத்தில் வேறு பெயர் இருந்தால் எதை எடுப்பது? மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: “இடாப்பிலை இருந்தாலும் சரி, ஊர் வாயிலை இருந்தாலும் சரி. ஆளை வெளியிலை விடுறதுக்கு விதி தேடாதேயுங்கோ.”

அந்தக் காலத்தில் நம் கல்லூரியில் எத்தனை ரவீந்திரன்கள் என்று என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். என் வகுப்பில் இருவர். நான் பந்து வீசுவேன், விவாதத்தில் பேசுவேன், அதனால் நான் ரவீந்திரன். மற்றவர் அச்சுவேலிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர், காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருபவர். அவரை வகுப்பு முழுவதும் ‘மற்ற ரவீந்திரன்’ என்றது. ஒருநாள் வேறொரு ஆசிரியர் விடைத்தாள் கொடுக்கும்போதும் அப்படியே கூப்பிட்டார். வகுப்பு சிரித்தது. அவர் எழும்பிப் போய்த் தாளை வாங்கிக்கொண்டு வந்து இருந்தார். அதை மாஸ்டர் எப்படி அறிந்தாரோ தெரியாது.

அடுத்த கிழமை அவர் இடாப்புகளை எல்லாம் வாங்கிப் பார்த்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை ரவீந்திரன்களைச் சேர்த்தார். சனிக்கிழமை காலை ரவீந்திரன் அணிக்கும் கல்லூரி அணிக்கும் ஆட்டம். விக்கெட் காப்பாளர்: அச்சுவேலி ரவீந்திரன். அவர் அதுவரை கையுறையைத் தொட்டதில்லை. கல்லூரிக் கையுறை அவருக்குப் பெரிது. மாஸ்டர் பழைய சாரமொன்றைக் கிழித்து, துண்டுகளைச் சுருட்டி விரல் நுனிகளுக்குள் திணித்து, மணிக்கட்டில் சணல் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்டார். “பந்தைப் பிடிக்க வேண்டாம், தம்பி. பின்னாலை போக விடாதையும். அது காணும்.” கையிலும் நெஞ்சிலும் முழங்காலிலும் வாங்கினார் அந்தப் பிள்ளை. பந்து பின்னால் போகவில்லை. நாங்கள் தோற்றோம். ஸ்கோர் புத்தகத்தில் மாஸ்டர் எல்லோருடைய முதலெழுத்துகளையும் ஊரையும் எழுதினார். அச்சுவேலிக்காரருடைய பெயரைத் தடித்த பேனையால் எழுதினார். அதற்குப் பிறகு ‘மற்ற’ என்ற சொல் எங்கள் வகுப்பில் கேட்கவில்லை.

நான் 1984 இல் வெளிக்கிட்டேன். எங்களில் அநேகமானவர்களைப் போலத்தான். அதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

1987 கோடையில் ரொறன்ரோவில் ஓர் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையற்காரர் வானொலியில் ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் ஆட்டம் போடுவார். பந்தைத் தடியால் அடித்து ஓடும் நம் ஊர் எல்லே ஆடி வளர்ந்தவனுக்குப் பேஸ்போல் பிடிபட அதிக நாள் செல்லாது: அடித்துவிட்டு ஓடுவது, கட்டத்தைத் தொடுவது, பந்து மேலே போனால் எல்லோரும் மூச்சைப் பிடிப்பது. அந்த வருடம் புளூ ஜேஸின் ஜோர்ஜ் பெல் 47 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. வானொலியில் ‘ஜோர்ஜ்’ என்று கேட்ட உடனே, சவர்க்காரக் கையோடு நான் அணி கட்டத் தொடங்கிவிட்டேன். டொமினிக்கன் குடியரசில் பிறந்த அவருடைய இடாப்புப் பெயர் ஹோர்ஹே. மாஸ்டரின் விதிப்படி ஊர் வாய்ப் பெயர் போதும், உள்ளே வந்தார். அதே விதியின் மற்றப் பாதியால் பேப் ரூத்தும் வந்தார். ஊருக்கு அவர் பேப், இடாப்பில் ஜோர்ஜ் ஹேர்மன் ரூத்.

ரூத் ஏதோ நியூயோர்க்குக்கு மட்டும் சொந்தமானவர் என்று நினைக்க வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் அடித்த முதல் ஹோம் ரன் நம் ரொறன்ரோத் தீவில், ஹான்லன்ஸ் பொயின்ற் மைதானத்தில், 1914 செப்ரெம்பர் 5 அன்று அடித்தது. அப்போது அவருக்கு வயது 19. அன்று பந்து வீசியவரும் அவரே. படகில் போனால் அந்த இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

என் ஜோர்ஜ் அணியின் மற்ற இடங்கள்: முதலாம் பேஸில் 1920 இல் 257 ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது) எடுத்த சிஸ்லர். அந்தச் சாதனை 2004 வரை நின்றது. மூன்றாம் பேஸில் 1980 இல் .390 சராசரியில் அடித்த பிரெட். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் டேவிஸ். நடுக்களத்தில் 19ஆம் நூற்றாண்டின் வான் ஹால்ட்ரன், 2,500க்கு மேற்பட்ட ஹிட்டுகள். அடிக்க மட்டும் வரும் பத்தாமவராக, 1977 இல் 52 ஹோம் ரன் அடித்த ஃபோஸ்டர். அதோடு நின்றுபோனேன். கெச்சர் இல்லை, பேஸ்போலின் விக்கெட் காப்பாளர்.

கெச்சரை ஸ்காபரோ நூலகமொன்றில் தேடிப் பிடித்தேன்: ஜோர்ஜ் கிப்சன், பிறந்தது ஒன்ராறியோவின் லண்டன் நகரில், 1880 இல். 401 நெடுஞ்சாலையில் போனால் இரண்டு மணித்தியாலம். 1909 இல் பிட்ஸ்பர்க் அணிக்காக 150 ஆட்டங்களில் கெச்சராக இருந்தவர். அன்று கெச்சர்கள் பாவித்த கையுறையும் நெஞ்சுக்கவசமும் இன்றையவற்றோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. அந்த வருடம் பேஸ்போலின் இறுதித் தொடரான உலகத் தொடரில் பிட்ஸ்பர்க் டிட்ரொயிற்றை ஏழு ஆட்டங்களில் வென்றது. டிட்ரொயிற்றின் பெரிய பிச்சர், அதாவது பந்து வீசுபவர், அந்தப் பருவத்தில் 29 வெற்றிகள் பெற்றவர். அவர் பெயர் ஜோர்ஜ் மலின். எதிரெதிராக நின்ற இருவரை நம் அணியில் ஒருவர் வீச மற்றவர் பிடிக்க வைத்தேன். எனக்கு இந்த விளையாட்டில் கிடைத்த ஆகப் பெரிய சந்தோசம் அதுதான். மாஸ்டருக்கு எழுதினேன்.

கடிதம் போய்ச்சேர மாதங்கள் எடுத்த காலம். 1995 ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். அவர் இருக்கும் இடம் தெரியாமல் நாங்கள் இங்கே தொலைபேசிகளோடு கிடந்தோம். கடைசியில் சாவகச்சேரியிலிருந்து, கொப்பித் தாளில், கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் ஒரு கடிதம் வந்தது. சுகம் என்று ஒரு வரி, மழை என்று ஒரு வரி. பிறகு: “கிப்சன் நல்ல தெரிவு. இரண்டாம் பேஸுக்கு ஆர் என்று நீர் எழுதவில்லை.” குசினியின் பின்வாசலில் நின்று அதை வாசித்தேன். அன்றிரவே பதில் எழுதினேன்: பிட்ஸ்பர்க்கில் ஆடிய கிராந்தம்.

கடைசியாக அவரோடு பேசியது போன ஐப்பசியில். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இனிங்ஸில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து, 1993க்குப் பிறகு முதல்தடவையாக புளூ ஜேஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோன கிழமை. ஊரே கார் ஹோர்ன் அடித்தது. ஸ்பிரிங்கரை நடுக்களத்தில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் இருமல்.

“அப்ப அங்கை நிண்டவர்?”

“வான் ஹால்ட்ரனை எடுத்திட்டன், சேர்.”

“அவர் வேறை ஒண்டும் செய்யமாட்டாரோ?”

அவர் ஆரம்பத்தில் பந்து வீசியவர் என்று சொன்னேன். “பிறகென்ன, மலினுக்குத் துணையாய் அங்கை வையும்” என்றார். தொண்ணூறு வயது தாண்டியவர் என்னிடம் கேட்ட கடைசிக் காரியம் அது. செய்துவிட்டேன்.

செத்தவீட்டுச் செய்தியை எனக்குச் சொன்னவர் அச்சுவேலி ரவீந்திரன். அவர் எங்கும் போகவில்லை. இடம்பெயர்ந்தார், திரும்பி வந்தார், அதே தோட்டத்தைக் கொத்துகிறார். மாஸ்டரின் கண் மங்கிய பிறகு கிழமைக்கொரு நாள் போய்ப் பத்திரிகை வாசித்துக் காட்டியவர் அவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர், பாடை தூக்கியவர் அவர். என் கடிதங்கள் எல்லாவற்றையும் மாஸ்டருக்கு வாசித்ததும் தான்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னார். கிப்சனைப் பற்றிய பழைய கடிதத்தை மாஸ்டர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாராம். கனடா எனக்கு வீடு தந்தது, பிள்ளைகளுக்குப் படிப்புத் தந்தது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்த விறாந்தையில் பத்திரிகை வாசிக்கும் கதிரையில் நான் ஒருநாளாவது இருந்திருக்க வேண்டும் என்ற மனக்குறை எனக்கு ஆறாது.

ஆடி மாத ஒன்றுகூடலில் மாஸ்டரின் நினைவாக ரவீந்திரன் அணியை மறுபடியும் இறக்கப் பழைய மாணவர் சங்கம் சம்மதித்திருக்கிறது. மொன்றியலிலும் ஒட்டாவாவிலும் இருப்பவர்களும் பெயர் கொடுத்துவிட்டார்கள். சுழற்பந்து வீசும் ஒருவர் இன்னும் தேவை. இடாப்பிலோ ஊர் வாயிலோ ரவீந்திரன் என்று இருந்தால் போதும். விக்கெட் காப்பாளர் இடத்துக்கு யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். அவருக்கு விசா கேட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் அணியோடு நாங்கள் அங்கே போகிறோம்.