சயாமுக்குப் போனவர்கள்

பதிவேட்டில் விரலை ஓட்டி ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர். தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறை.

பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை எண். கிடைத்ததும் நேராகப் போய் அந்தக் கல்லின் முன்னால் நின்றார்.

காமன்வெல்த் வீரர்கள் 5,084, டச்சுக்காரர்கள் 1,896. இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (தாய்லாந்தின் பழைய பெயர்) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில்பாதையில் செத்த போர்க்கைதிகள். கைதிகளே முகாமில் ஒளித்து எழுதிய இறப்புக் குறிப்புகளை வைத்து, போருக்குப் பிறகு காட்டுக்குள் உடல்களைத் தேடி எடுத்து வந்தார்கள். பெரும்பாலும் காலராவில் செத்து எரிக்கப்பட்ட சுமார் 300 பேரின் சாம்பலுக்கும் இங்கே இடமுண்டு.

அதே பாதையில் மலாயா (இன்றைய மலேசியா) தோட்டங்களிலிருந்து பாதை போடப் போன நம் தமிழ் ஆட்களும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. மனசு ஆறவேயில்லை.

மலேசிய நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால் அவர் பேரையும் தோட்டத்தின் பேரையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.