சுத்தியலால் தட்டிப் பார்த்து வாங்கிய வீடு

மட்டக்களப்பு கல்லடியில் வாவிப் பக்கமாக 14 பேர்ச் வளவோடு ஒரு வீடு விலைக்கு வந்தபோது, எங்கள் கண்ணில் பட்டது முற்றத்து மாமரமும் புதுப் பெயின்ற்றும்தான். கேட்ட விலை ஒரு கோடி 72 லட்சம். கையில் பாதி, வங்கிக் கடன் பாதி. சட்டத்தரணி காணி உறுதியைப் பார்த்தார், காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்கு ஏடு புரட்டினார், வில்லங்கம் இல்லை என்றார். வங்கி அனுப்பிய விலைமதிப்பாளர் டேப் பிடித்து, நாலு படம் எடுத்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். எல்லாம் இருபது நிமிடம். இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

குழப்பிவிட்டது ரொறன்ரோவில் இருக்கும் மச்சான். அங்கே வீடு வாங்குகிற பலர், பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் வாங்குவோம் என்று விலை பேசும்போதே நிபந்தனை போடுவார்களாம். அதையே தொழிலாகச் செய்பவர் வந்து, இரண்டு மூன்று மணித்தியாலம் கூரை, வயரிங், பைப், அத்திவாரம் என்று பார்த்து அறிக்கை கொடுப்பாராம். இன்சூரன்ஸ்காரரும் கூரைக்கு எத்தனை வயது, வயரிங் பழசா என்று கேட்டுத்தான் கட்டணம் சொல்வார்களாம். “வங்கி ஆள் பார்த்தது வங்கிட காசு திரும்பி வருமா எண்டு. நீ இருக்கப்போற வீட்ட ஆர் பார்த்த?” என்று கேட்டான். பதில் இல்லை.

அப்படி ஒருவரை இங்கே எங்கே தேடுவது? கேட்டு விசாரித்து, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைப் பிடித்தேன். கூலி 25 ஆயிரம். தரகருக்கு அது பிடிக்கவில்லை. “பொம்பிளை பாக்கப் போகக்குள்ள டொக்டரையும் கூட்டிட்டுப் போவீங்களா தம்பி?” என்றார். வீட்டுக்காரப் பெரியவர் வாய் திறக்கவில்லை, ஆனால் முகம் கறுத்துவிட்டது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. மகள் இப்போது லண்டனில். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பரிசோதிக்க வந்த அந்த உத்தியோகத்தர் ஐயா கொண்டுவந்தது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்குறூ டிரைவர், ஒரு டோர்ச். போட்டிகோ சிலாப்பின் அடியில் நின்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். ஓர் இடத்தில் சத்தம் மாறிப் ‘பொத்’ என்றது. மறுபடியும் தட்டினார், பொத். “கேட்டதா?” என்று என்னைப் பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து, ஊதி, கொங்கிறீற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வெளியே பெயின்ற் மூடியிருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் கட்டிய வீடு. கம்பிக்கு மேலே போதிய கனத்துக்குக் கொங்கிறீற் இல்லாவிட்டால் உப்புக்காற்றுக்கு அதிக காலம் தாங்காது என்றார். சமையலறைப் பத்தியில் ஸ்குறூ டிரைவரை ஒரு கைமரத்தில் குத்தினார். வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது. கறையான். மெயின் போர்டைத் திறந்து பார்த்தால் பழைய பியூஸ், மின் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்றிப் சுவிட்ச் இல்லை, எர்த் கம்பி அறுந்து கிடக்கிறது. கிணற்றிலிருந்து மலசலகூடக் குழிவரை அடி வைத்து நடந்தார். 26 அடிதான் வந்தது. 50 அடியாவது வேண்டும் என்பது அவர் கணக்கு.

கடைசியாகக் கதவு நிலைக்குப் பக்கத்தில் குந்தி, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். முழங்கால் உயரத்தில், பெயின்ற்றுக்கு அடியில், சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் லேசான கோடு. “இஞ்ச தண்ணி ஏறினதா?” என்று கேட்டார். தரகர் முந்திக்கொண்டு “ஒருநாளும் இல்ல” என்றார். பக்கத்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சிதான் உண்மையைச் சொன்னா: “பதினொண்டாம் ஆண்டு தைப்பொங்கல் நேரம் முழங்கால் மட்டும் நிண்டது மனே. முகத்துவாரம் வெட்டின பிறகுதான் வடிஞ்சது.” 2011 ஜனவரி வெள்ளம். அந்த வருடம் மட்டக்களப்பில் தண்ணீர் ஏறாத இடத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதனால் எனக்கு வெள்ளத்தைவிட அந்த ‘ஒருநாளும் இல்ல’தான் உறுத்தியது.

அறிக்கை மூன்று பக்கம். திருத்த ஒன்பது லட்சம்வரை போகும் என்று கணக்கும் போட்டுத் தந்தார். அதை வைத்துப் பெரியவரோடு நேரே பேசினேன், தரகர் இல்லாமல். ஆறரை லட்சம் குறைத்தார். சிலாப் விஷயம் அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது இன்சூரன்ஸ். வங்கிக் கடன் என்றால் தீக்காப்புறுதி கட்டாயம். வெள்ளம், புயல் எல்லாம் அதோடு மேலதிகமாகச் சேர்ப்பது. 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த ஊரில் புயலை விட முடியுமா? முகவர் வாங்கிய விலையை அப்படியே காப்புறுதித் தொகையாக எழுதி, வருடத்துக்கு 26 ஆயிரத்துச் சொச்சம் என்றார். அறிக்கையில் ஐயா வேறொன்று எழுதியிருந்தார்: இந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். மிச்சம் மண்ணின் விலை. மண் எரியாது, அதற்கு ஏன் கட்டணம் கட்டவேண்டும்? அதற்காகக் கண்டபடி குறைத்துப் போடவும் கூடாது. ஒரு கோடி பெறுமதியான கட்டடத்துக்கு 50 லட்சம்தான் எழுதியிருந்தால், 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் கைக்கு வரும். சராசரி நிபந்தனை என்று பொலிசியில் ஒரு வரி இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை.

விண்ணப்பத்தில் ‘முன்பு வெள்ளம் ஏறியதா’ என்று ஒரு கேள்வி. முகவர் “இல்லை எண்டு போடுங்க, ஆர் பார்க்கப் போறா” என்றார். இரண்டாவது தடவையாக அதே பேச்சு. என் கையில் முழங்கால் மட்டம் என்று எழுதிய அறிக்கை இருக்கிறது. நாளைக்கு நட்டம் கேட்கும்போது மதிப்பிட வருபவரிடமும் ஒரு டோர்ச் இருக்கும். ‘ஆம், 2011’ என்று எழுதினேன். நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். வெள்ளத்துக்காகக் கொஞ்சம் ஏற்றினார்கள். வெள்ளம், புயல் சேதத்தில் முதல் 10 வீதம் எங்கள் தலையில். அப்படியும் கட்டணம் 18 ஆயிரத்துச் சொச்சத்தில் நின்றது. வயரிங்கைப் புதிதாக மாற்றி ட்றிப் சுவிட்ச் போட்டதற்கு ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை. கேட்டும் பார்த்தேன், சிரித்தார்கள்.

பொலிசியை உட்கார்ந்து வாசித்தபோதுதான் அந்த 25 ஆயிரத்தின் அருமை விளங்கியது. துரு, கறையான், மெல்ல மெல்ல ஊறும் ஈரம், தேய்மானம், இவை ஒன்றுக்கும் அவர்கள் பணம் தரமாட்டார்கள். ஐயா சுத்தியலால் கண்டுபிடித்ததில் பாதி அந்தப் பட்டியலில் இருந்தது. வாங்கிய பிறகு சிலாப் இடிந்து விழுந்திருந்தால் முழுச் செலவும் என் தலையில்தான்.

சிலாப்பை உடைத்துக் கம்பி மாற்றியாயிற்று. பத்தியின் கூரை புதிது. பிளக் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டன, குளிர்சாதனப் பெட்டி மாரியில் சீமெந்துக் கல்லின் மேல் நிற்கும். மலசலகூடக் குழியை மட்டும் இன்னும் மாற்றவில்லை, காசு அதற்குள் முடிந்துவிட்டது. ஐயா கல்லடிப் பாலத்தடியில் எப்போதாவது எதிர்ப்பட்டால் முதலில் அதைத்தான் கேட்பார். குடிப்பது பைப் தண்ணீர்தான் ஐயா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.