ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் தைராய்டு மாத்திரை

அப்போது எனக்குக் கர்ப்பத்தின் ஏழாவது வாரம். முதல் செக்கப்பில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சாயங்காலம் போனுக்கு வந்தது. நாலு பக்கம். தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழே விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஹீமோகுளோபின் மட்டும் கொஞ்சம் குறைவு. தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். 3.8. பக்கத்தில் 0.4 முதல் 4.5 வரை என்று போட்டிருந்தது. தைராய்டு நார்மல் என்று தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் டாக்டர் ஹீமோகுளோபினைத் தாண்டி நேராக அந்த 3.8-க்குப் போய் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

"வீட்ல யாருக்காவது தைராய்டு இருக்கா?"

"அம்மாவுக்கு இருக்கு. மாத்திரை போடறாங்க."

"அப்ப தைராய்டுக்கு எதிரா உடம்புல டி.பி.ஓ. ஆன்டிபாடி இருக்கான்னு ஒண்ணு பாத்துடலாம்."

"நார்மல்னுதானே போட்டிருக்கு டாக்டர்?"

"அது கர்ப்பமா இல்லாதவங்களுக்கான கணக்கும்மா."

இதை அவர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கோ தலைசுற்றல். கர்ப்பிணி என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே இருக்கிறது, அப்புறம் எதற்கு வேறு யாருடைய கணக்கையோ பக்கத்தில் அச்சடிக்கிறார்கள்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

டி.எஸ்.எச். என்பது தைராய்டில் சுரப்பதே இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்புவது அது. காலையில் எழ மறுக்கும் பிள்ளையை எழுப்புகிற அம்மாவின் குரல் மாதிரி. பிள்ளை சோம்பினால் குரல் ஏறும், எழுந்துவிட்டால் அடங்கும். அதனால்தான் தைராய்டு குறைந்தவர்களுக்கு டி.எஸ்.எச். கூடுதலாகக் காட்டுகிறது.

கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இன்னொரு குரலும் சேர்ந்துகொள்கிறது. கர்ப்பத்தை உறுதிசெய்யப் பார்க்கிறோமே, அதே எச்.சி.ஜி. ஹார்மோன்தான். அதன் அமைப்பு டி.எஸ்.எச். போலவே இருப்பதால் தைராய்டை அதுவும் உசுப்புகிறது. அம்மா அவ்வளவாகக் கத்த வேண்டியதில்லை. ஆகவே இந்த வாரங்களில் டி.எஸ்.எச். பொதுவாக இறங்கும். இறங்க வேண்டிய நேரத்தில் 3.8 என்று நின்றதால்தான் அந்த வட்டம்.

எல்லை எவ்வளவு என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் மூன்று மாதத்தில் 2.5-க்கு மேல் போகக்கூடாது என்றது. 2017-இல் அதைத் தளர்த்தி, அந்தந்தப் பகுதிக் கர்ப்பிணிகளை வைத்துக் கணக்கிட்ட எல்லை இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் சுமார் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றது. என் அக்காவுக்கு 2014-இல் 3.1-க்கே மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்கு அதே 3.1-க்குப் பல டாக்டர்கள் சும்மா விட்டுவிடுவார்கள். இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொல்கிறார்களே என்று குழம்புகிறவர்கள், அவர்கள் எந்த எல்லையை வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

ஆன்டிபாடி ரிப்போர்ட் வந்தது. 34-க்குள் இருக்க வேண்டியது 312. ஒன்பது மடங்கு! அழுதுவிட்டேன். டாக்டர் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. "பாசிட்டிவ்னு தெரிஞ்சாப் போதும். இதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம்" என்றார். என் உடம்பே என் தைராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது என்பதற்கான அடையாளம் அது. கர்ப்பத்தில் தைராய்டு ஹார்மோன் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தேவைப்படும். அரிபட்ட சுரப்பி அவ்வளவு ஈடுகொடுக்குமா என்பது சந்தேகம். குழந்தையின் தைராய்டோ பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டித்தான் சுரக்கவே ஆரம்பிக்கும், தன் தேவைக்கு ஓரளவு சுரக்கப் பாதிக் கர்ப்பம் ஆகிவிடும். அதுவரை என்னுடையதுதான்.

"கண்டிப்பா போட்டே ஆகணும்னு இல்ல. 10-க்கு மேல இருந்தா பேச்சே கிடையாது, போட்டுத்தான் ஆகணும். உங்களுக்கு 4-க்குள்ளதான் இருக்கு, ஆனா ஆன்டிபாடியும் இருக்கறதால போடறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன்." அவர் இப்படி மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அப்புறம் முக்கால் மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது. நாலு வாரம் கழித்து மறுபடி ரத்தம்.

நாலு வாரம் கழித்து டி.எஸ்.எச். 0.29. இந்த முறை தடித்த எழுத்தில், பக்கத்தில் குறைவு என்பதற்கான 'எல்' குறியோடு. மாத்திரை அதிகமாகிவிட்டது, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று நானே முடிவுகட்டி மூன்று நாள் போடவில்லை. நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன், அதே பக்கத்தில் நார்மலாகவே இருந்தது. அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

டாக்டர் முதலில் நாடி பிடித்தார், பிறகு கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார், அதற்குப் பிறகுதான் திட்டினார். எச்.சி.ஜி. உச்சத்தில் இருப்பது எட்டிலிருந்து பதினோராவது வாரம் வரை. டி.எஸ்.எச். ஆக அடியில் இருக்கும் காலமும் அதுவே. அந்த வாரங்களில் மாத்திரை போடாதவர்களுக்கும் 0.1 வரை இறங்குவது உண்டு. டி.எஸ்.எச். அடியோடு காணாமல் போய், ஃப்ரீ டி4-உம் ஏறி, படபடப்பும் இருந்தால்தான், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயா என்று வேறு ஆன்டிபாடி பார்க்க வேண்டும். நல்லவேளையாக லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம். என் மூன்று நாள் வீரத்தால் பெரிய சேதமில்லை. "நிறுத்தணும்னு தோணினா ஒரு போன் பண்ணிட்டு நிறுத்துங்க" என்றார்.

பதினாறாவது வாரத்தில் வேறு லேபில் கொடுத்தேன். ஃப்ரீ டி4 போன தடவை 1.04, இப்போது 13.4. மூச்சு நின்றுவிட்டது. பிறகு அலகைப் பார்த்தேன். முன்பு நானோகிராம் கணக்கு, இது பிக்கோமோல் கணக்கு. 1.04-ஐ 12.87-ஆல் பெருக்கினால் அதே 13.4. ஒரு துளியும் மாறவில்லை! (டி.எஸ்.எச்.-க்கு இந்தத் தொல்லை இல்லை. மில்லி யூனிட், மைக்ரோ யூனிட் என்று இரண்டு விதமாகப் போட்டாலும் எண் ஒன்றுதான்.)

அதே பக்கத்தில் மொத்த டி4 14.2, எல்லை 5 முதல் 12, அதிகம் என்பதற்கான 'எச்' குறி. இதற்கு நான் அசரவில்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் ஹார்மோனைச் சுமக்கும் புரதமும் கூடுகிறது. சுமையில் இருப்பதையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் ஏறத்தான் செய்யும். பதினாறு வாரத்துக்குப் பிறகு எல்லையை ஒன்றரை மடங்காக்கிப் பார்க்க வேண்டும். 7.5 முதல் 18. என் 14.2 நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

இருபதாவது வாரம் டி.எஸ்.எச். 4.9. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏறியிருக்கிறது. டோஸைக் கூட்டுவார் என்று நினைத்தால், "காலைல எழுந்ததும் என்ன பண்றீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா. எழுந்ததும் அன்றைய அறையைத் திறந்து அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்து...

"அப்படியேன்னா? அதுல என்னென்ன இருக்கு?"

தைராய்டு மாத்திரை. அதோடு இரும்புச்சத்து மாத்திரையும். இரவில் போட்டால் குமட்டுகிறது என்று நானே அதைக் காலைக்கு மாற்றியிருந்தேன். இரும்பும் கால்சியமும் லெவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகவிடாது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மருந்துச் சீட்டில் இது எழுதித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. டோஸைத் தொடவே இல்லை அவர். இரும்பு மதியத்துக்குப் போனது. நாலு வாரத்தில் 2.1.

கர்ப்பத்துக்கு முன்பிருந்தே மாத்திரை போடுகிறவர்களுக்கு என் கதை பொருந்தாது. கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே அவர்களுக்குக் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூடுதலாகத் தேவைப்படும். அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் டாக்டருக்கு அன்றே சொல்லிவிட வேண்டும்.

முப்பதாவது வாரம் ஒரு தடவை பார்த்தோம், 1.9. பிறகு பிரசவம். குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்து, அவளுக்கும் தைராய்டு பார்த்தார்கள். அவளுடையது சரியாக இருந்தது. என் டோஸ் சின்னது என்பதால் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார், இம்முறை அவரே. ஆறு வாரம் கழித்து எடுத்ததில் டி.எஸ்.எச். 2.7, பக்கத்தில் அதே 0.4 முதல் 4.5. இப்போதுதான் அந்த எல்லை எனக்குப் பொருந்துகிறது. ஆனால் ஆன்டிபாடி உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில் தைராய்டு தடுமாறலாம் என்பதால், மூன்றாம் மாதத்துக்கு இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டு அந்த ஏழு அறை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.